அழகு சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: லேகியமும் கேப்ஸ்யூலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்

மூக்கு, இமை, வயிறு, தலைமுடி, மார்பு என எதுவாக இருந்தாலும் சரி, அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுவார். பிரஷர், சுகர், அலர்ஜி எல்லாம் விசாரித்துவிட்டு, "தினமும் ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா?" என்பார். "இல்ல டாக்டர்" என்று பட்டென்று பதில் வரும். சொல்பவர் எதையும் மறைக்க நினைத்துச் சொல்வதில்லை. ராத்திரி பாலில் கலந்து குடிக்கும் அமுக்கரா சூரணம், கொலஸ்ட்ராலுக்காக வெறும் வயிற்றில் மெல்லும் பச்சைப் பூண்டு, முடி கொட்டாமல் இருக்கப் போடும் பயோட்டின், மூட்டு வலிக்கு மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மஞ்சள் கேப்ஸ்யூல், ஜிம்மில் யாரோ சொல்லி வாங்கிய மீன் எண்ணெய் டப்பா, இதெல்லாம் மருந்துக் கணக்கில் வரும் என்று நம் வீடுகளில் யாரும் நினைப்பதே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் சந்திப்பு பல இடங்களில் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்புதான் நடக்கிறது. நிறுத்த வேண்டியவற்றில் சிலவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆகவே சர்ஜனை முதல்முறை பார்க்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் வழி. எதைச் சொல்ல வேண்டும், ஏன் சொல்ல வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதைப் பார்ப்போம்.

இரண்டு சொட்டு ரத்தம் கூடினால் என்ன ஆகும்?

குடல்வால் ஆபரேஷனில் தோலுக்கடியில் கொஞ்சம் ரத்தம் கட்டினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், பத்து நாளில் கரைந்துவிடும். அழகு சிகிச்சையில் கணக்கே வேறு. ஃபேஸ்லிஃப்டில் கன்னத்துத் தோலை அகலமாகப் பிரித்தெடுத்து, இழுத்து, மறுபடி படியவைக்கிறார்கள். அந்தத் தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கினால், தோலுக்கு வரவேண்டிய ரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் தோலே கருகிப் போகலாம். ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் அதிகமாக வரும் சிக்கல் இதுதான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே தலைகாட்டும், திரும்பவும் தியேட்டருக்குள் போக வேண்டிவரும்.

இமை ஆபரேஷனில் ஆபத்து இன்னும் கூர்மையானது. மிக அரிதாகத்தான் என்றாலும், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் பார்வை நரம்பு நெருக்கப்பட்டுப் பார்வையே போகலாம். அப்போது டாக்டர்களுக்குக் கிடைப்பது ஓரிரு மணி நேர அவகாசம்தான். முடி மாற்று சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து என்று பெரிதாக இல்லை. ஆனால் உச்சந்தலை ரத்தம் ஏராளமாக ஓடும் இடம். கசிவு நிற்காவிட்டால் நட்ட முடி வேர்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்துவிடும், நடுபவருக்கும் துளை சரியாகத் தெரியாது.

இந்த ஆபரேஷன்கள் எல்லாம் நாம் தேதி குறித்துச் செய்துகொள்பவை. விபத்தில் சிக்கியவருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வழியில்லை, இவர்களுக்கு இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

பூண்டிலிருந்து ஆரம்பிப்போம். ரத்தம் உறைவதில் முதல் வேலை ரத்தத் தட்டணுக்களுடையது. வெட்டுப்பட்ட இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி அடைப்புப் போடுகின்றன. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் சில கந்தகப் பொருள்கள் இந்த ஒட்டும் திறனைக் குறைக்கின்றன. அவற்றில் அஜோயீன் என்ற பொருள் தட்டணுவை ஒருமுறை பாதித்தால் அந்த அணு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, புதிய அணு உருவாகித்தான் தீர வேண்டும். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். "ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்", "இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள்" என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். முந்தின நாள் மட்டும் விட்டுவிட்டு வந்தால் பயனில்லை.

சரி, அப்படியென்றால் பூண்டுக் குழம்பும் ரசமும் சாப்பிடக் கூடாதா? தாராளமாகச் சாப்பிடலாம். வேகும்போது அந்த வீரியம் பெருமளவு போய்விடுகிறது. கவலை, பச்சையாக நிறையச் சாப்பிடுவதிலும் செறிவாக்கிய கேப்ஸ்யூலிலும்தான் இருக்கிறது. இதய நோய் வராமல் இருக்கத் தினமும் நாலு பல் பூண்டு சாப்பிட்டு வந்த 87 வயது முதியவருக்கு, அடி எதுவும் படாமலே தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கசிந்ததை 1990-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஒரே ஒருவர் கதைதான், அதை வைத்துப் பூண்டையே குற்றவாளி ஆக்க முடியாது. ஆனாலும் கத்தி படப்போகிற உடம்புக்கு அந்த எச்சரிக்கை போதும்.

மஞ்சளிலும் இதே வேறுபாடுதான், இன்னும் தெளிவாக. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். சாம்பாரில் போடும் சிட்டிகையில் எவ்வளவு வரும் என்று பாருங்கள், அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறுகிறது. கேப்ஸ்யூலிலோ 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின் வகைப் பொருள்கள். கூடவே "உறிஞ்சுதிறன் அதிகம்" என்று லேபிளில் போட்டிருந்தால் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்த்திருக்கலாம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 1998-ல் வந்த ஆய்வு, 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதாகக் காட்டியது. மஞ்சளோடு மிளகு போடும் நம் சமையல் வழக்கத்துக்கு இது பெருமைதான். ஆனால் பைப்பரின் குர்குமினோடு நிற்பதில்லை. குடலும் ஈரலும் மருந்துகளைச் சிதைக்கும் வேலையையே அது மந்தமாக்குகிறது. ஆபரேஷன் நாளில் கொடுக்கப்படும் மருந்துகளில் சில எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் உடம்பில் தங்கக்கூடும். குர்குமின் தட்டணுக்களைத் தளர்த்துவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது, ஆபரேஷன் மேஜையில் அது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பது அந்த அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. இரண்டு வாரம் நிறுத்துவதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை, எனவே நிறுத்துவதே நல்லது.

மீன் எண்ணெய் பற்றிப் பழைய பயத்தை அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது. "ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும்" என்று அதைப் பட்டியலில் முதலில் போடுவார்கள். ஆனால் அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா மருத்துவமனைகளில் இதய ஆபரேஷனுக்குப் போன 1,516 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தபோது, மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு அதிகமாகவில்லை. இதய ஆபரேஷன் வேறு, இமை ஆபரேஷன் வேறு என்பதால் பல பிளாஸ்டிக் சர்ஜன்கள் இன்னும் நிறுத்தத்தான் சொல்கிறார்கள். அவர் சொன்னால் நிறுத்துங்கள். ஆனால் நேற்று ஒரு கேப்ஸ்யூல் தெரியாமல் போட்டுவிட்டோமே என்று தூக்கம் கெட வேண்டாம், சர்ஜனிடம் சொன்னால் போதும்.

அதிக டோஸ் வைட்டமின் இ, மூலிகைச் சப்ளிமென்டுகளான ஜின்கோ, ஜின்செங் மூன்றும் இதே பட்டியலில் வருபவை. சிகாகோ பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட, இன்றும் பலர் எடுத்துக்காட்டும் ஆய்வுரை, பூண்டுக்கும் ஜின்செங்குக்கும் குறைந்தது 7 நாள், ஜின்கோவுக்கு 36 மணி நேரம் என்று கணக்குச் சொன்னது. நடைமுறையில் டாக்டர்கள் மொத்தமாக இரண்டு வாரம் என்பதற்குக் காரணம், டப்பாவுக்குள் லேபிளில் சொன்ன அளவுதான் இருக்கிறதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாததுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ டாக்டர் எழுதிக் கொடுத்த, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளை இந்தப் பட்டியலோடு சேர்த்து நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்த டாக்டரும் சர்ஜனும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரத்தத்தோடு சம்பந்தமில்லாத தொல்லைகள்

அதிமதுரம் இருமலுக்கு நாம் நம்பும் பொருள். தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது எந்தத் தீங்கும் செய்யாது. வாரக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் தோலடியில் ரத்தம் தேங்குவதற்கு உயர் ரத்த அழுத்தம் முக்கியமான காரணம். பொட்டாசியம் குறைந்தால் மயக்கத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பு தடுமாறலாம். அமுக்கரா என்கிற அஸ்வகந்தா தூக்கத்தைக் கூட்டும், மயக்க மருந்தோடு சேரும்போது விழித்தெழுவது தாமதமாகலாம். தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும்.

பயோட்டின் வேறு ரகம். அது உடம்பைக் கெடுப்பதில்லை, பரிசோதனை முடிவைக் கெடுக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம். முடிக்காக விற்கும் மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. பல ரத்தப் பரிசோதனைகளின் வேதிமுறையே பயோட்டினை நம்பி இயங்குவதால், ரத்தத்தில் அது நிரம்பியிருந்தால் தைராய்டு முடிவு தவறாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை 2017-ல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. முடி மாற்று சிகிச்சைக்கு வருபவர்களில் பயோட்டின் சாப்பிடாதவரைப் பார்ப்பதுதான் கடினம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்தம் கொடுக்கப் போவதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்திலோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனுக்கு வருபவர்கள் அதற்கு முன் எடை குறைக்கும் பொடிகளைச் சுற்றி வந்திருப்பார்கள். மீன் குழம்பில் போடும் குடம்புளி நல்ல பொருள், ஆனால் அதன் சாற்றைக் கொண்ட கேப்ஸ்யூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கிரீன் டீ சாற்றுக்கும் அதே கதை. ஈரல்தான் மயக்க மருந்தையும் வலி மருந்தையும் கையாள வேண்டிய உறுப்பு. "மூலிகை" என்ற லேபிளுக்குள் வேறு சரக்கு ஒளிந்திருப்பது அதைவிட மோசம். அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. கண்டுபிடித்த, லேபிளில் சொல்லாத ரசாயன மருந்து கலந்த சப்ளிமென்டுகள் 776. எடைக் குறைப்புப் பொருள்களில் அதிகம் பிடிபட்டது, இதயத்துக்கு ஆபத்து என்று பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து. மூட்டு வலிக்கென்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊர் டாக்டர்களுக்குப் புதிதில்லை. அதைச் சாப்பிட்டவருக்குக் காயம் ஆறாது, நோய்த்தொற்று எளிதில் வரும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் மேஜையிலேயே பிரஷர் விழலாம். இப்படி ஒரு பொடி சாப்பிட்டிருந்தால், அதை நிறுத்துவதற்கும் முன்பாக டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் கொடுத்த மருந்துக்குப் பெயர், தயாரிப்பாளர், அளவு எல்லாம் இருக்கும், அதை வைத்துச் சர்ஜன் முடிவெடுக்க முடியும். பெயரில்லாத பொட்டலத்தை வைத்து யாராலும் எதுவும் முடிவெடுக்க முடியாது.

உண்மையில் தேவைப்படுவது

நிறுத்த வேண்டியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்பு உடம்பில் ஏற்ற வேண்டியவை இருக்கின்றன, அவை எதுவும் பளபளப்பான டப்பாவில் வருவதில்லை.

முதலாவது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயிற்றுத் தோலைக் குறைக்கும் டம்மி டக், மார்பகக் குறைப்பு போன்ற பெரிய ஆபரேஷன்களுக்கு வரும் பெண்கள் பலரும் இந்த வயதினர்தான். ஹீமோகுளோபின் 9-ல் இருக்கும் ஒருவருக்கு, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் பவுடர் வாங்கிக் கொடுப்பதால் என்ன பயன்? முருங்கைக்கீரை நல்லது, ஆனால் ஏற்கெனவே சோகை இருப்பவருக்கு அது மட்டும் போதாது. டாக்டர் எழுதித் தரும் இரும்பு மாத்திரை வேண்டும். அதை டீ, காபியோடு விழுங்காமல், எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ துணைக்கு வைத்துச் சாப்பிட வேண்டும். அளவு ஏற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ரத்தப் பரிசோதனையை இரண்டு மாதம் முன்பே செய்துகொள்வது நல்லது.

அடுத்தது புரதம். காயம் ஆறும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி தோசை என்று ஓடும் நாளில் இந்த அளவு எட்டுவது கடினம். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்து, பல கிலோ இறங்கி, தொங்கும் தோலை எடுக்க வருபவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அவர்களுக்குப் புரதத்தோடு இரும்பு, பி12, துத்தநாகம் எல்லாமே குறைவாக இருக்கலாம்.

வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் உருவாகாது. 1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றிய பயணத்தில் ஸ்கர்வி நோய் வந்த ஒரு வீரருக்கு, ஐம்பது வருடம் முன்பு ஒரு போரில் பட்டு ஆறிப்போன காயம் மறுபடி பிரிந்துகொண்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஆறிய தழும்பைக் கூட உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு இந்த வைட்டமின் வேண்டும். ஆனால் ஒரு கொய்யாப்பழமே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். குறைபாடு இல்லாதவருக்கு மெகா டோஸ் எதுவும் கூட்டித் தருவதில்லை. துத்தநாகமும் அப்படித்தான்.

சிகரெட், பீடி பிடிப்பவர்கள் சப்ளிமென்ட் பற்றி யோசிப்பதற்கு முன்பு, குறைந்தது நாலு வாரம் முன்னதாக அதை விட வேண்டும். இழுத்துத் தைத்த தோல் கருகுவதற்குப் புகைபோல் உதவுவது வேறில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் நம் பத்தியம் குறுக்கே வருகிறது. "மீன், முட்டை வேண்டாம், சீழ் வைக்கும்", "கத்தரிக்காய் அரிக்கும்", "பருப்பு கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் மிஞ்சும். காயம் அதிகமாகப் புரதம் கேட்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் தட்டு காலியாகிறது. மீனாலும் முட்டையாலும் சீழ் வைப்பதில்லை. கிருமியால் வைக்கிறது. ஒவ்வாமை இருந்தாலொழிய இவற்றைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

ரத்தக்கட்டு சீக்கிரம் கரைய ஆர்னிகா என்ற மூலிகை மருந்து கேட்பவர்கள் அதிகம். ஹோமியோபதி ஆர்னிகாவை வைத்துச் செய்த ஆய்வுகளை 1998-ல் தொகுத்துப் பார்த்தபோது வெறும் மாத்திரையைவிட அது மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பின்னர் ஃபேஸ்லிஃப்ட், மூக்கு ஆபரேஷன் நோயாளிகளிடம் நடந்த சில சிறிய ஆய்வுகள் கொஞ்சம் பலன் காட்டின, சில காட்டவில்லை. நீர்த்த உருண்டையால் பெரிய தீங்கு இல்லை. நீர்க்காத ஆர்னிகாவை விழுங்குவது விஷம், திறந்த காயத்தில் பூசவும் கூடாது. அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதற்குப் பல் ஆபரேஷன் ஆய்வுகளில் ஓரளவு ஆதரவு உண்டு. சர்ஜன் எழுதினால் சாப்பிடலாம். அதற்குப் பதிலாக அன்னாசிப்பழத்தைத் தின்றால் அதே பலன் வராது, மருந்துக்கான புரோமெலைன் எடுக்கப்படுவது நாம் தூக்கி எறியும் தண்டிலிருந்து.

தழும்பில் பூசுவதற்கு வருவோம். பச்சை நிற வைட்டமின் இ கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி, எண்ணெயைப் பிழிந்து தையலின் மேல் தடவும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தில் தோல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த 15 பேரிடம், தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் இ கலந்த களிம்பையும் மறு பாதியில் வெறும் களிம்பையும் பூசிப் பார்த்து 1999-ல் முடிவு வெளியிட்டார்கள். 90 சதவீதம் பேருக்கு அதனால் பயனில்லை அல்லது தழும்பு இன்னும் மோசம். மூன்றில் ஒருவருக்குத் தோல் தடித்து அரித்தது. மொட்டை மாடியில் வளரும் சோற்றுக் கற்றாழையும் அப்படித்தான். சின்னத் தீக்காயத்துக்கு இதம் தரும், ஆனால் வயிற்று ஆபரேஷனுக்குப் பின் பிரிந்துபோன காயங்களில் கற்றாழை ஜெல் போட்டுப் பார்த்த 1991-ன் சிறிய ஆய்வில், வழக்கமான முறையில் சராசரியாக 53 நாளில் ஆறிய காயம் ஜெல் போட்டவர்களுக்கு 83 நாள் எடுத்தது. மஞ்சளை அரைத்துத் தையலில் அப்புவதும் வேண்டாம், அம்மியும் தண்ணீரும் கிருமி நீக்கப்பட்டவை இல்லை.

வல்லாரைக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். அதன் சாறு கொலாஜன் உருவாக்கத்தைத் தூண்டுவதால் தழும்புக் களிம்புகளில் சேர்க்கிறார்கள். அதுவும் தையல் முழுதாக மூடிய பிறகுதான். தழும்புக்கு நல்ல ஆதாரம் உள்ளது சிலிக்கோன் ஜெல்லும் பட்டையும். வெயில் படாமல் மூடி வைப்பதும் முக்கியம், நம் நிறத்துத் தோலில் புதுத் தழும்பு வெயில் பட்டால் சீக்கிரம் கறுத்துவிடும்.

நிறுத்திவைத்தவற்றை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதைச் சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும். டம்மி டக் போன்றவற்றுக்குப் பின் காலில் ரத்தம் உறையாமல் இருக்கச் சிலருக்கு ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள், வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றது கொடுப்பார்கள். அதன்மேல் பூண்டு, மஞ்சள் கேப்ஸ்யூல்களையும் ஏற்றினால் கசிவுக்கான காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். முதல் சந்திப்புக்குப் போகும்போதே வீட்டிலுள்ள டப்பா, பொட்டலம், லேகியச் சீசா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அல்லது முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது விடுபடுவது படத்தில் விடுபடாது.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினாலோ, வலி மாத்திரைக்கு அடங்காத வலி வந்தாலோ, இமை ஆபரேஷனுக்குப் பின் கண் பிதுங்கிப் பார்வை மங்கினாலோ, ஐஸ் ஒத்தடமும் ஆர்னிகாவும் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் சர்ஜனைக் கூப்பிட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.